கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, காட்டுக்குள் பாய்ந்த ஜெட் விமானம்!

விமானத்தை வேடிக்கை பார்க்கத்தான் அவர்கள் கூடியிருந்தார்கள்.

வந்தது சண்டை விமானம் அல்ல. பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் புத்தம் புதிய ஜெட் விமானம். சக்கரங்களை நீட்டிக்கொண்டு, மூக்கைச் சற்று உயர்த்திக்கொண்டு, மைதானத்தின் மேல் மிகத் தாழ்வாக வந்தது. பார்த்தால் தரையில் இறங்கப் போவது போலவே இருந்தது.

ஆனால், அது இறங்கவில்லை. மைதானத்தைத் தாண்டியது. எதிரே இருந்த காட்டு மரங்களின் உச்சியில் மோதியது. மெல்ல மெல்ல மரங்களுக்குள்ளே அமிழ்ந்தது. அடுத்த கணம், புகை மண்டலம்!

இது நடந்தது, 1988-ம் ஆண்டு ஜூன் மாதம் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. இடம்: பிரான்சு நாட்டின் கிழக்குக் கோடியில், முல்லூஸ் நகருக்கு அருகே உள்ள ஹாப்ஷைம்.

விமானத்தில் 136 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் தப்பி வெளியே ஓடிவிட்டார்கள். 3 பேர் மாண்டனர். அவர்களில் இருவர் குழந்தைகள். மூன்றாமவர் ஒரு பெண்மணி. ஆசனத்தில் சிக்கிக்கொண்ட சிறுமிக்கு உதவப் போய், அவரும் உயிர் இழந்தார்.

இந்தக் காட்சி முழுவதும் படம் பிடிக்கப்பட்டு இருந்தது. உலகம் எங்கும் டெலிவிஷனில் காட்டினார்கள். இன்றைக்கும் கைப்பேசியில் அதைப் பார்க்கிறவர்கள் உண்டு. பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “தவறு மனிதனுடையதா, யந்திரத்தினுடையதா?”

கம்ப்யூட்டர் மீது பழி

அந்தக் கேள்வி எழுந்ததற்குக் காரணம் இருக்கிறது.

விமானத்தின் பெயர், ஏர்பஸ் ஏ-320. பழைய விமானங்களில் விமானி கைப்பிடியை இழுத்தால், அதோடு இணைந்த கம்பிகள் அந்த இழுப்பை இறக்கைக்கும் வாலுக்கும் கொண்டு போகும். ஏ-320-ல் அப்படி இல்லை. விமானியின் பக்கத்தில் சிறு கைப்பிடி ஒன்று இருக்கும். அதை அசைத்தால், மின்சாரம் மூலம் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போகும். இறக்கையை அசைப்பது கம்ப்யூட்டரின் வேலை. விமானி அளவுக்கு மீறி மூக்கைத் தூக்கினால், கம்ப்யூட்டர் அதைத் தடுத்துவிடும். பிரயாணி விமானங்களில் முழுக்க முழுக்க இந்த முறையில் வந்த முதல் விமானம் இதுதான். பிரயாணிகளை ஏற்றத் தொடங்கிச் சில மாதங்கள் கூட ஆகவில்லை.

ஆகவே, ஜனங்கள் என்ன நினைத்தார்கள்? “விமானி மேலே ஏறப் பார்த்தார், கம்ப்யூட்டர் விடவில்லை” என்று நினைத்தார்கள். தலைமை விமானியான மிஷேல் அசெலினும், தாம் கேட்டபோது என்ஜின் உடனே சக்தி கொடுக்கவில்லை என்று சொன்னார். அவர் சாதாரண விமானி அல்ல. 10 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்.

பிறகு, “கறுப்புப் பெட்டி மாற்றப்பட்டது” என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. (பெயர்தான் கறுப்புப் பெட்டி, நிறம் ஆரஞ்சு!) அந்தச் சந்தேகத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசினார்கள்.

சர்க்கார் விசாரணையின் முடிவு வேறு. விமானம் 100 அடி உயரத்தில் பறப்பதாகத் திட்டம். பறந்ததோ சுமார் 30 அடி உயரத்தில். வேகம் மிகக் குறைவு. என்ஜின்கள் அடங்கிய நிலையில் இருந்தன. முழுச் சக்தி கேட்டபோது, மரங்களை மோத சுமார் 5 வினாடிதான் பாக்கி!

கிணற்று மோட்டாரின் சுவிட்சைப் போட்டால், அந்த நொடியிலேயே குழாயில் தண்ணீர் கொட்டுமா? கொட்டாது. பெரிய ஜெட் என்ஜினும் அப்படித்தான். அடங்கிக் கிடக்கும் என்ஜின் முழுச் சக்திக்கு வரச் சில வினாடிகள் வேண்டும். அந்தச் சில வினாடிகள் அங்கே இல்லை.

விமானிகள் இருவரும் அந்த மைதானத்தை அதற்கு முன் போய்ப் பார்த்தது இல்லை. கூட்டம், அவர்கள் எதிர்பார்த்த ஓடுபாதைக்கு நேராக நிற்கவில்லை. சிறிய புல் பாதை ஒன்றுக்கு நேராக நின்றது. கடைசி நேரத்தில் விமானத்தை அந்தப் பக்கம் திருப்பினார்கள். அந்தப் பாதையின் முடிவில்தான் காடு!

பிரயாணிகளுக்கு அங்கே என்ன வேலை?

மனிதனா, யந்திரமா என்று வாதாடியவர்கள் ஒன்றை அதிகமாகக் கேட்கவில்லை. வித்தை காட்டப் போகும் விமானத்தில் பிரயாணிகளை ஏற்றியது ஏன்?

அவர்களில் சிலர், விளம்பரப் போட்டியில் டிக்கெட்டைப் பரிசாகப் பெற்றவர்கள். பலருக்கு அதுதான் முதல் விமானப் பிரயாணம். ஹாப்ஷைமில் வேடிக்கை முடிந்ததும், ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளான் சிகரத்தை வானத்தில் இருந்து காட்டுவதாக ஏற்பாடு. அவர்கள் உல்லாசப் பயணம் போவதாக நினைத்து ஏறியவர்கள். விஷயம் தெரிந்த பெரியவர்கள் அல்லவா வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்?

இதற்கு முன்னும் பிரயாணி விமானத்தை வைத்து வித்தை காட்டியது உண்டு. 1955-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஏரியில் படகுப் பந்தயம் நடந்தது. கரையெங்கும் ஜனத்திரள். போயிங் கம்பெனியின் புதிய ஜெட் விமானம் மேலே வந்தது. விமானி டெக்ஸ் ஜான்ஸ்டன். திடீர் என்று விமானம் குப்புறக் கவிழ்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி நிமிர்ந்தது! மறுபடியும் வந்து இன்னொரு சுற்று!

கம்பெனித் தலைவர் பில் ஆலன் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நெஞ்சு பதறியது. பக்கத்தில் இருந்த நண்பர் இருதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். “எனக்கும் ஒன்று கொடுங்கள்” என்று ஆலன் கேட்டதாகச் சொல்வார்கள். அதற்கு முந்திய ஆண்டு, 1954-ல், இங்கிலாந்தின் காமெட் ஜெட் விமானங்கள் வானத்திலேயே நொறுங்கி விழுந்திருந்தன. ஜெட் என்றாலே ஜனங்கள் அஞ்சிய காலம் அது. ஆலன் பதறாமல் என்ன செய்வார்?

டெக்ஸ் ஜான்ஸ்டன் செய்தது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், அவர் விமானத்தில் பிரயாணி ஒருவர்கூட இல்லை.

பெங்களூரில் மீண்டும்

ஹாப்ஷைம் விபத்து நடந்து 20 மாதங்கள் கூட நிறையவில்லை. 1990-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி, பம்பாயில் இருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையை எட்டும் முன்பே விழுந்தது. அதுவும் ஏ-320. 146 பேரில் 92 பேர் மாண்டனர்.

நாடே கலங்கியது. “கம்ப்யூட்டர் விமானம் வேண்டாம்” என்ற பேச்சு நம் ஊரிலும் எழுந்தது. இந்தியன் ஏர்லைன்சின் ஏ-320 விமானங்கள் அனைத்தையும் சர்க்கார் நிறுத்திவைத்தது.

விசாரணையில் தெரிந்தது என்ன? இறங்கும் நேரத்தில் என்ஜின்கள் அடங்கி இருந்தன. வேகம் குறைந்துகொண்டே போனது. விமானிகள் அதைக் கவனித்தபோது காலம் கடந்துவிட்டது. ஹாப்ஷைமில் நடந்தது வேடிக்கை. பெங்களூரில் நடந்தது வழக்கமான பிரயாணம். இருந்தும், அதே சில வினாடிகள்! யந்திரம் கெட்டது, மனிதன் கெட்டவன் என்று கட்சி பிரிந்து பேசியதில், புது யந்திரத்தின் குணத்தை விமானிகளுக்கு எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்தோம் என்ற விஷயம் பின்னால் போய்விட்டது. எனக்கு வருத்தம் அதில்தான்.

ஹாப்ஷைம் வழக்கில் 1997-ல் தீர்ப்பு வந்தது. தலைமை விமானி, துணை விமானி ஆகியோருடன், ஏர் பிரான்சு அதிகாரிகளும், கண்காட்சி நடத்திய சங்கத்தின் தலைவரும் குற்றவாளிகள் என்று கோர்ட்டு கூறியது. “வித்தை காட்டும் விமானங்களில் பிரயாணிகளை ஏற்றக் கூடாது; மைதானத்தை முன்னதாகப் பார்த்து வைக்க வேண்டும்” என்று விசாரணைக் குழுவும் யோசனை சொல்லியிருந்தது.

ஏ-320-ஐ ஜனங்கள் ஒதுக்கிவிடவில்லை. 2025-ம் ஆண்டில், கம்பெனிகளுக்கு ஒப்படைக்கப்பட்ட எண்ணிக்கையில் அந்த வகை விமானங்கள் போயிங் 737-ஐயே முந்திவிட்டன.

வேடிக்கையும் நிற்கவில்லை. 2015-ல் பாரிஸ் கண்காட்சிக்காக ஒத்திகை பார்த்த போயிங் 787 விமானம், ராக்கெட் போல நேராக மேலே ஏறுவதாக ஒரு படம் வந்தது. லட்சக்கணக்கானோர் பார்த்து வியந்தார்கள். “நாம் ஏறும்போது இப்படிச் செய்தால் என்ன ஆவது?” என்று பயந்தவர்களும் உண்டு. அந்தப் பயம் வேண்டியதில்லை. ஏறியது, படத்தில் தெரிந்த அளவுக்குச் செங்குத்து அல்ல. கோணத்தின் ஜாலமும் அதில் உண்டு. தவிர, விமானத்தில் பாரம் இல்லை. சோதனைக்குப் பறக்கும் விமானங்களின் உள்ளே போய்ப் பார்த்தால், பிரயாணிகளின் ஆசனங்கள் இருக்க வேண்டிய இடத்தில் அளவு பார்க்கும் கருவிகள் இருக்கும். ஆட்களின் எடைக்குப் பதிலாக, வரிசை வரிசையாகத் தண்ணீர்ப் பீப்பாய்கள் நிற்கும்.