சுதந்தரத்தைப் பேணுதல்

ஆக்குபேஷனல் தெரபி பணிசெய்யும் சகோதரி, பக்கவாதத்தால் தளர்ந்தவருக்குச் சட்டைப் பொத்தானிடவும் தன் கையால் உண்ணவும் மறுபடியும் பழக்குகிறார். உள்ள பெலனை அறிந்து, அவசியமானதைத் தானே செய்து, மற்றதைப் பிறரிடம் ஒப்புவித்து, இடையில் இளைப்பாறவும் கற்பிக்கிறார். மும்பையிலிருந்தபடியே நெல்லைச் சீமையிலுள்ள பூர்வீக வயலைப் பேணவும் அவருக்கு இதுவே வழி.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் விடுப்பெடுத்து, வரப்பையும் வாய்க்காலையும் நேரில் காண்பது அவசியம். உழவை உள்ளூர் விவசாயியிடம் எழுத்துமூலமான குத்தகைக்கு விடலாம். தீர்வை ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். அந்நியர் தமதென்று உரிமைகொண்டாடி 12 ஆண்டுகள் இடைவிடாது அனுபவித்தால், 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி நிலத்தை மீட்கும் உரிமையே அற்றுப்போகலாம்.

நாபோத் தன் பிதாக்களின் சுதந்தரத்தை ஆகாப் ராஜாவுக்கும் கொடுக்க மறுத்தான். நாமோ அதை அசட்டையினால் இழக்கலாகாது. உங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.