முதலில் ஆகாரம், பின்பு ஆலோசனை



ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை செய்ய ஊரையும் உறவையும் விட்டு வந்து, நம் படப்பையைச் சுற்றி அறைகளிலும் விடுதிகளிலும் தங்கியிருக்கும் பிள்ளைகள் அநேகர். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களின் விடுதி உணவு நஞ்சானதால் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்த பின்னரே, அவர்கள் என்ன உண்கிறார்கள் என்று நாடு கேட்டது.

சாலைக்கு வராத துன்பமும் உண்டு. இரவுப் பணி பசியின் நேரத்தைக் குலைக்கிறது. தனிமையும், கைப்பேசியில் காணும் மெலிந்த உருவங்களும் சிலரைத் தங்கள் சரீரத்தையே வெறுக்கச் செய்கின்றன. சிலர் உண்ண மறுக்கிறார்கள். சிலர் மறைவில் அளவின்றி உண்டு வாந்தியெடுக்கிறார்கள். இது பிடிவாதமும் அன்று, விசுவாசக் குறைவும் அன்று; சிகிச்சை வேண்டிய நோய். இதை உபவாசம் என்று நாம் மெச்சலாகாது.

சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிப் படுத்த எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் தந்து, உறங்கவிட்டு, மறுபடியும் உண்ணச் செய்தான் (1 இராஜாக்கள் 19). தேவனுடைய கேள்வி அதன் பின்பே வந்தது.

சபையும் அவ்வாறே செய்யட்டும். "இளைத்துவிட்டாய்", "பருத்துவிட்டாய்" என்னும் பேச்சை விடுவோம். ஞாயிறு ஆராதனைக்குப் பின் அப்பிள்ளைகளை நம் வீட்டுப் பந்தியில் அமர்த்துவோம். நோய் தென்பட்டால் மருத்துவரிடம் உடன் செல்வோம். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

தனித்திருப்போரின் பசியை அறியும் இருதயத்தைக் கர்த்தர் நமக்கு அருள்வாராக. ஆமென்.