ஹைட்ரஜன் வண்டிகளும் பொதுஜன க்ஷேமமும்

பெட்ரோலுக்கு அந்நிய நாடுகளின் கையை எதிர்பார்த்து நிற்கும் நமது தேசத்துக்கு ஹைட்ரஜன் வாயுவால் ஓடும் வண்டி ஒரு வரப்பிரசாதம் என்று சொல்லப்படுகிறது. 2023 செப்டம்பரில் டில்லியில் இந்தியன் ஆயில் ஸ்தாபனத்தார் இத்தகைய பஸ்களைப் பரீக்ஷார்த்தமாக ஓட்டத் தொடங்கினர். முயற்சியை நாம் வரவேற்கிறோம். ஆனால் இவ்வாயுவைப் பற்றி இரு திறத்தாரும் பேசும் பேச்சு நமக்குத் திருப்தி அளிக்கவில்லை. ஒரு சாரார் 1937-ல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்ததைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். மற்றொரு சாராரோ, புகைக்குழாயில் சொட்டுவது வெறும் நீர்தானே, அபாயம் எங்கே என்று கேட்கிறார்கள்.

எரிபொருள் மின்கலத்துக்குள் தீயே இல்லை என்பது வாஸ்தவம். பிளாட்டினம் பூசிய மெல்லிய சவ்வின் ஒருபுறம் ஹைட்ரஜனும் மறுபுறம் காற்றிலுள்ள பிராணவாயுவும் செல்ல, மின்சாரமும் நீரும் பிறக்கின்றன. சவ்வு உலர்ந்தாலும் கெடும். நீர் மிகுந்தாலும் கெடும். இவை வண்டியை நிறுத்தும் தொல்லைகளேயன்றி உயிரை வாங்குபவை அல்ல.

உயிருக்கு அபாயம் தொட்டியிலும் குழாய்களிலும் உள்ளது. மிக லேசான வாயுவாதலால், ஒரு மோட்டாருக்கு வேண்டிய ஐந்தாறு கிலோவை அடைக்க, சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 700 மடங்கு அழுத்தம் வேண்டும். டொயோட்டாவின் மிராய் வண்டியில் இதற்காகவே கார்பன் நாரால் இறுகச் சுற்றிய தொட்டிகள் வைத்திருக்கின்றனர். சிலவகை எஃகினுள் இவ்வாயு புகுந்து அதை நொறுங்கும்படி செய்துவிடும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை கலந்திருந்தால் பற்றும். அற்பப் பொறி போதும். வாசனை கிடையாது. பகலில் அதன் ஜ்வாலையும் கண்ணுக்குத் தெரிவதரிது. திறந்த வெளியில் விரைவில் மேலே பறந்துவிடும் என்பது அதன் நற்குணம். கூரையின் கீழ் அந்நற்குணமே வினையாகும்.

2019 ஜூன் 10-ந் தேதி நார்வேயில், ஆஸ்லோவுக்கு அருகிலுள்ள சாண்ட்விகாவில் ஹைட்ரஜன் நிரப்பும் நிலையமொன்று வெடித்தது. அருகிலிருந்த மோட்டாரின் காற்றுப்பைகள் அதிர்ச்சியால் விரிந்து இருவர் காயமுற்றனர். நிலையத்தை அமைத்த கம்பெனியாரே அம்மாதத்துக்குள் காரணத்தை வெளியிட்டனர்: உயர் அழுத்தத் தொட்டியொன்றின் மூடியில் போல்ட்டுகள் உரிய அளவு முறுக்கப்படவில்லை! விஞ்ஞானத்தின்மேல் பழியில்லை, ஸ்பானர் பிடித்த கை தவறியது, அதைச் சரிபார்த்திருக்க வேண்டிய கண்ணும் தவறியது. அதற்கு முந்திய மே மாதத்தில் தென் கொரியாவின் காங்னுங் நகரில் ஹைட்ரஜன் தொட்டி வெடித்து இருவர் மாண்டனர். தொட்டிக்குள் பிராணவாயு கலந்ததே அங்கு காரணம்.

ஆகவே, சர்க்கார் எத்தனை வண்டிகளை ஓட்டப்போகிறார்கள் என்பதைவிட, எத்தனை பிட்டர்களைப் பயிற்றுவித்திருக்கிறார்கள் என்பதையே நாம் முதலில் கேட்போம். செலவு கூடும் என்பார்கள், கூடட்டும். ஒவ்வொரு நிலையத்திலும் எந்த இணைப்பை யார் முறுக்கினார், யார் சரிபார்த்தார் என்று தேதியுடன் பதிவேடு இருக்க வேண்டும். கசிவு எவ்வளவு சிறிதாயினும் அதில் ஏற வேண்டும். நார்வேயில் செய்ததுபோல் விபத்தின் காரணத்தை அந்த மாதத்திலேயே பிரசுரிக்க வேண்டும். பஸ் ஓடும் ஊரின் ஜனங்கள் கேட்டால் அப்பதிவேட்டை மறைக்காமல் காட்டவும் வேண்டும்.