மருந்து அடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

செம்பருத்திக் கிளையில் பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சி, அவரைக் கொழுந்தில் கறுப்பாக அசுவினி. பார்த்ததும் பலருக்குக் கை ஸ்பிரேயரைத்தான் தேடும். ஆனால், அதே கிளையில் அந்தப் பூச்சியைத் தின்ன வந்த பூச்சியும் இருக்கலாம். மருந்துக்கு நல்லது கெட்டது பிரித்துப் பார்க்கத் தெரியாது.

பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும். அழகாக இருப்பதால் அதை யாரும் கொல்வதில்லை. மாட்டிக்கொள்வது அதன் புழுதான். கறுப்பு உடலில் ஆரஞ்சுத் திட்டுகளோடு, குட்டி முதலைபோல இருக்கும். வளர்ந்து வண்டாவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்று தீர்க்கும்.

இதைவிட ஏமாற்றுவது, மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் வண்டின் புழு. உடல் முழுக்க வெள்ளை மெழுகு இழைகளோடு, பார்ப்பதற்கு மாவுப்பூச்சி போலவே இருக்கும். ஆனால் அளவில் பெரியது, சுறுசுறுப்பாக நடமாடும். மாவுப்பூச்சியோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கிடக்கும். இலையில் மெல்லிய இழையின் நுனியில் குட்டி மணிபோல முட்டைகள் நின்றால், அவை கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையவை. அவற்றையும் துடைத்துவிட வேண்டாம்.

இந்தச் சின்ன உயிர்களின் பலம் என்ன என்பதைத் தமிழக விவசாயிகள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 2008-ல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி வயல்களை நாசமாக்கியது. வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சி என்பதால், இங்கே அதற்கு ஏற்ற எதிரி இல்லை. மெழுகுப் போர்வை இருந்ததால் மருந்தும் சரியாக எடுபடவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் உள்ளிட்ட ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். மருந்தால் முடியாததைக் குளவி செய்து முடித்தது.

வீட்டுத் தோட்டத்துக்கு இவற்றை விலைகொடுத்து வாங்கி வர வேண்டியதில்லை. சாப்பாடும் பாதுகாப்பும் இருந்தால் பல தாமாகவே வரும். வளர்ந்த குளவிக்கும், கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கும், அசுவினியைத் தின்னும் புழுக்களைத் தரும் மிதவை ஈக்கும் தேனும் மகரந்தமும் தேவை. அதனால் கொத்தமல்லியை முழுவதும் கிள்ளிவிடாமல், நாலைந்து செடிகளைப் பூக்க விடுங்கள். சோம்பு, துளசி, சூரியகாந்தியும் உதவும். ஓரமாக ஒரு பையில் தட்டைப்பயறு விதையுங்கள். அதில் அசுவினி வரும், அதைத் தேடிப் பொறிவண்டு வரும். அந்தச் செடிக்கு மட்டும் எந்த மருந்தும் வேண்டாம்.

எறும்பைக் கவனிப்பது முக்கியம். அசுவினியும் மாவுப்பூச்சியும் சுரக்கும் இனிப்புத் திரவத்துக்காக, எறும்புகள் அவற்றுக்குக் காவல் நிற்கும். தின்ன வரும் பூச்சிகளை விரட்டும். தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால், எறும்பு ஏறும் வழி அடைபடும். கிண்ணத்துத் தண்ணீரை மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் கொசு பெருகும்.

ஒரு எச்சரிக்கை. கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் வண்டும் பொறிவண்டின் உறவுதான். மங்கிய நிறம், நிறையப் புள்ளிகள், பளபளப்பு இருக்காது. அதன் புழு மஞ்சளாக, முள் முள்ளாக இருக்கும். அவற்றைக் கையால் பொறுக்கி எடுத்துவிடலாம்.

தின்னும் பூச்சி வந்த பிறகுதான், அதைத் தின்னும் பூச்சி வரும். நடுவில் சில நாட்கள் பொறுக்கத்தான் வேண்டும். தொல்லை அதிகமானால் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியை உதிர்க்கலாம். வேப்பெண்ணெய்க் கரைசல் தேவைப்பட்டால், நல்ல பூச்சி இல்லாத கிளையாகப் பார்த்து, மாலையில், அந்த இடத்தில் மட்டும் தெளியுங்கள்.