அடீனியம் ரோஜா அல்ல

மாரி முடிந்து நம்மூர் வாசல்களைப் பார்த்தால் மனசு கேட்குதில்லை. எத்தனை அடீனியம் அழுகிக் கிடக்கிறது! தண்ணீர் இல்லாமல் செத்தவை அல்ல, தண்ணீர் கூடிச் செத்தவை. ஸுபஹுக்குப் பிறகு உம்மா ஒரு கோப்பை ஊற்றுகிறா. அஸர் தொழுதுவிட்டு வந்து வாப்பா ஒரு கோப்பை. பின்னேரம் பிள்ளைகள் விளையாட்டுக்கு ஒரு வாளி. பாசத்தில் குறையே இல்லை.

'பாலைவன ரோஜா' என்ற பெயரில் 'ரோஜா'வை மட்டும் பிடித்துக்கொண்டோம், 'பாலைவன'த்தை விட்டுவிட்டோம். ஆபிரிக்காவின் வரண்ட நிலங்களிலும் யெமன், ஓமான் பக்கத்துப் பாறைகளிலும் வளர்கிற செடி இது. குட்டி ஆலமரம் போல் நாம் ரசிக்கும் அந்தப் பருத்த அடிதான் அதன் தண்ணீர்த் தாங்கி. நிறைந்த தாங்கிக்கு மேலும் ஊற்றினால்?

விரலால் அடியை அமுக்கிப் பாருங்கள். கல்லுப் போல இருந்தால் தண்ணீர் தேவையில்லை. மெதுவாக இருந்து மண்ணும் காய்ந்திருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் மெதுவாக இருந்தால் அழுகல். உடனே பிடுங்கி, வெள்ளைச் சதை தெரியும் வரை வெட்டி, நிழலில் சில நாள் காயவிட்டுப் புது மணலில் வையுங்கள். அநேகமாகப் பிழைக்கும்.

தும்புச்சோறு நிறைந்த சாடியோடுதான் பெரும்பாலும் விற்கிறார்கள். அது ஈரத்தை விடாது. பாதிக்கு மேல் குருமணலும் உடைத்த செங்கல்லும் போட்டு மாற்றுங்கள். நல்ல வெயிலில் வையுங்கள், மழை தொடங்கினால் கூரைக்குள் எடுங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒட்டுச் செடி வாங்குவதைவிட விதை போடலாம் என்பது எங்கள் கருத்து. விதையில் வந்ததற்குத்தான் அடி அழகாகப் பருக்கும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

விற்பவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. இது அலரியின் சொந்தம். வெட்டினால் வடியும் பால் நஞ்சு. ஆபிரிக்க வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் பூசியது இதைத்தான். அதை நாம் எங்கே வைக்கிறோம்? பாடசாலையை அழகுபடுத்துகிறோம் என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில்! இதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. கிளை வெட்டினால் கையுறை போடுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், வெட்டியதை ஆடு மாடு திரியும் இடத்தில் போடாதீர்கள்.

எங்கள் வகுப்பு வாசலில் நின்ற இரண்டு சாடிகளையும் போன கிழமை உயரத் தட்டுக்கு மாற்றிவிட்டோம். அந்த இடத்தில் இப்போது செவ்வரத்தை நிற்கிறது.