கப்பல்ல கட்டில் யாருக்கு?

முடிவை முதல்லயே சொல்லிடறேன். சின்ன கப்பல் அறையில குடும்பத்தோட தங்கப் போறீங்கன்னா ரெண்டு கட்டிலையும் ஒண்ணா சேர்த்துப் போடச் சொல்லாதீங்க, பிரிச்சே போடச் சொல்லுங்க. கீழே இருக்குற ரெண்டு படுக்கையும் வீட்டுல இருக்குற பெரியவங்களுக்கும் அம்மாவுக்கும். சுவர்லேர்ந்து மடக்கி இறக்குற மேல் படுக்கை ரெண்டும் நமக்கும் அப்பாவுக்கும். "அப்பாவை மேல ஏத்துறதா?"ன்னு நீங்க அதிர்ச்சி ஆகுற அந்த இடத்துலதான் இந்தக் கட்டுரைக்கே வேலை இருக்கு.

காஞ்சிபுரத்துக்காரனுக்குக் கப்பல் எதுக்குன்னு கேக்கலாம். நம்ம ஊர்லேர்ந்து சென்னைத் துறைமுகம் 75 கிலோமீட்டர் சுமார். 2022 ஜூன் 4-ஆம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் அங்கிருந்து கோர்டீலியா நிறுவனத்தோட 'எம்ப்ரஸ்' கப்பலைக் கொடியசைச்சு அனுப்பி வெச்சார். அடுத்த வருஷம் ஜூன்ல அதே கப்பல் சென்னையிலேர்ந்து இலங்கைக்குக் கிளம்புச்சு. ஹம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறைன்னு போற வழி. அதுக்கப்புறம் 'ஒரு தடவை போயிட்டு வந்துடலாமா'ங்கற பேச்சு நடுத்தரக் குடும்பங்கள்லயும் வர ஆரம்பிச்சிடுச்சு. கேம்பஸ்ல வேலை கிடைச்சவன் முதல் சம்பளத்துல என்ன பண்ணுவேன்னு போடுற லிஸ்ட்ல இப்ப அதுவும் ஒண்ணு. எங்க வீட்லயும் ஓடுது. அம்மா, அப்பா, ஆயா, நான். நாலு பேர், ஒரே அறை.

ஏன் ஒரே அறை? பொதுவா கப்பல் கம்பெனிகள் ஒரு அறைக்கு முதல் ரெண்டு பேருக்குத்தான் முழுக் கட்டணம் போடும். மூணாவது, நாலாவது ஆளுக்குக் குறைச்சல். அதனால நாலு பேரும் ஜன்னல் இல்லாத உள் அறையில அடைஞ்சுக்கறது ரொம்ப சாதாரணம். அந்த எம்ப்ரஸ் 1990-ல பிரான்ஸ்ல கட்டி முடிச்சு ஓட ஆரம்பிச்ச கப்பல். அந்தக் காலத்து டிசைன்ல அறை சின்னதாத்தான் இருக்கும். பொழுதெல்லாம் மேல்தளத்துல இருப்பீங்க, அறை தூங்க மட்டும்தான்னு நினைச்சுக் கட்டுனது. அந்த மாதிரிக் கப்பல்கள்ல உள் அறை சுமார் 120 சதுர அடிலேர்ந்து 150 சதுர அடி வரைக்கும்னு வெச்சுக்கலாம். அதுலயே பாத்ரூம், அலமாரி, ஒரு மேஜை எல்லாம் வரணும்.

இப்ப கணக்குக்கு வருவோம், நாலு வருஷம் படிச்சது வீணாப் போகக் கூடாது. படுக்குற இடத்தோட அகலம் 8 அடின்னு வெச்சுக்கோங்க. ஒரு ஒத்தைக் கட்டில் இரண்டரை அடி. ரெண்டையும் நடுவுல சேர்த்தா 5 அடி போயிடும், பாக்கி 3 அடி. அது ரெண்டு பக்கமும் ஒன்றரை, ஒன்றரைன்னு பிரிஞ்சிடும். ஒன்றரை அடியில ஒரு மனுஷன் பக்கவாட்டுலதான் நகர முடியும். சேர்த்த கட்டிலை ஒரு சுவரோட ஒட்டிப் போட்டா இந்தப் பக்கம் 3 அடி முழுசா கிடைக்கும். ஆனா சுவர் ஓரமா படுத்தவங்க ராத்திரி எழுந்தா இன்னொருத்தரைத் தாண்டித்தான் இறங்கணும். பிரிச்சு ரெண்டு சுவர் ஓரமும் போட்டா? நடுவுல 3 அடி வழி. ரெண்டு பேரும் யாரையும் எழுப்பாம இறங்கலாம், பெட்டியைத் திறக்கலாம், மேல் படுக்கைக்கான ஏணியும் அங்க நிக்கும். இடம் அதே இடம்தான், ஒரு அங்குலம் கூடலை. பிரிச்ச விதம்தான் வேற.

மேல் படுக்கையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். இதுக்குப் பேரே 'புல்மேன்' படுக்கை. 19-ஆம் நூற்றாண்டுல அமெரிக்காவுல ரயில் தூங்கும் பெட்டி செஞ்ச ஜார்ஜ் புல்மேன் பேர் அது. பகல்ல சுவரோடயோ கூரையோடயோ மடங்கி இருக்கும். சாயங்காலம் அறையைப் பாத்துக்கறவர் வந்து இறக்கி, தடுப்பு மாட்டி, ஏணி வெச்சுட்டுப் போவார். 6 வயசுக்குக் கீழ இருக்குற குழந்தையை மேல படுக்க வைக்கக் கூடாதுங்கறது அடுக்குக் கட்டில் விஷயத்துல உலகம் பூரா சொல்ற எச்சரிக்கை. மூட்டு வலி இருக்குறவங்களை ஏத்தக் கூடாதுன்னு தனியா யாரும் எழுதி வைக்கணுமா என்ன!

"மேல படுத்தா ஆட்டம் ஜாஸ்தியா இருக்குமே"ன்னு ஒரு பயம் இருக்கு. பெரிசா எடுத்துக்க வேணாம். கப்பல் ஆடும்போது எல்லாரும் ஒரே கோணத்துலதான் சாயறோம். சுழலும் அச்சுலேர்ந்து எவ்வளவு தூரம்ங்கறதைப் பொறுத்துத்தான் நகர்ற அளவு கூடும். பல மாடி உயரக் கப்பல்ல ஒரே அறைக்குள்ள 4 அடி மேல போறது ஒரு கணக்கே இல்லை. வாந்தி வர்ற உடம்புன்னா கட்டிலை மாத்தாதீங்க, அறையை மாத்துங்க. கப்பலோட நடுப்பகுதியில, கீழ்த்தளத்துல கேளுங்க.

உண்மையான ஆபத்து ராத்திரி ரெண்டு மணிக்கு இருக்கு. உள் அறையில விளக்கை அணைச்சா கும்மிருட்டு. கை எங்க இருக்குன்னு நமக்கே தெரியாது. தண்ணி அறைக்குள்ள வரக் கூடாதுன்னு கப்பல் பாத்ரூம் வாசல்ல ஒரு உயரமான படி இருக்கும். ஆயாவுக்கு ராத்திரியில ரெண்டு தடவை எழுந்துக்கணும். இருட்டுல, ஆடுற தரையில, தெரியாத படி. யாரு எங்க படுக்கணும்னு தீர்மானிக்க இதை விட வேற அளவுகோல் வேணுமா? பாத்ரூமுக்குப் பக்கத்துக் கீழ்ப் படுக்கை, ராத்திரி அதிகமா எழுந்துக்கறவங்களுக்கு. விவாதமே கிடையாது.

ஆயாவுக்கு இடம் கொடுக்கறதுல யாருக்கும் பிரச்சினை வராது. பிரச்சினை அம்மாகிட்டதான். "நான் எங்க வேணாலும் படுத்துப்பேன்பா, நீங்க பாத்துக்கோங்க"ன்னு அவங்களே சொல்லிடுவாங்க. நாமளும் உடனே ஏத்துக்குவோம். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்'ங்கறது நம்ம வீடுகள்ல அதிகமா புழங்குற வார்த்தை. பண்றது யாருன்னு பாத்தா எப்பவும் ஒரே ஆள். எத்தனையோ வீட்ல ஃபேனுக்கு நேர் கீழ அப்பா, சுவர் ஓரம் பசங்க, சமையல்கட்டு வாசல் கிட்ட அம்மா. காரணம் கேட்டா, 'அவங்கதான் முதல்ல எழுந்துக்கறாங்க, மத்தவங்க தூக்கம் கெடக் கூடாதுல்ல' என்பாங்க. கப்பல்ல அம்மா முதல்ல எழுந்துக்க வேண்டிய வேலை என்ன இருக்கு? பால் வாங்கணுமா, டிபன் கட்டணுமா? அந்தக் காரணமே இல்லாத இடத்துக்குப் போயும் அதே ஓரத்துல படுக்க வெச்சா, நாம ஊரைத்தான் விட்டு வந்திருக்கோம், வீட்டுச் சட்டத்தை மடிச்சு பெட்டியில எடுத்துட்டு வந்திருக்கோம்னு அர்த்தம்.

எங்க ஊர்க்காரங்களுக்குச் சின்ன இடத்துல படுக்கறது ஒண்ணும் புதுசில்லை. பிள்ளையார்பாளையம் பக்கம் பழைய நெசவு வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க. நல்ல வெளிச்சம் வர்ற இடத்துல தறி இருக்கும். குழித்தறின்னா தரையைத் தோண்டி, குழிக்குள்ள காலை விட்டு மிதிக்கறது. மேல ஜக்கார்டு பெட்டி, முன்னாடி நீளமா இழுத்துக் கட்டின பாவு. தறியை நகர்த்த முடியாது, மனுஷங்களைத்தான் நகர்த்தலாம். அதனால தறிக்குப் போக மிச்ச இடத்துல பாய். எங்க தாத்தா நெஞ்சவர். ஆயா தார் சுத்துனவங்க. கோர்வைப் புடவைக்குக் கரை நாடா போட இன்னொரு ஆள் வேணும், அதுவும் வீட்டு ஆள்தான். ராத்திரி தாத்தா தறிக்குப் பக்கத்துல காத்து வர்ற இடத்துல படுப்பாராம், ஆயா உள்ளே அடுப்பு கிட்ட. ஒரு புடவைக்கு ரெண்டு பேரும் பகல் முழுக்க உழைச்சாங்க. ஆனா காத்து ஒருத்தருக்குத்தான் வந்துச்சு.

ஆனா பாய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு. காலையில சுருட்டி மூலையில நிறுத்தினா அறை திரும்பக் கிடைச்சிடும். புல்மேன் காப்புரிமை வாங்கறதுக்கு ரொம்ப முன்னாடியே நம்மகிட்ட மடக்குற படுக்கை இருந்திருக்கு! காஞ்சிபுரத்துல இதுக்குக் கோயிலே இருக்கு. திருவெஃகா, சொன்னவண்ணம் செய்த பெருமாள். பல்லவ ராஜா கணிகண்ணனை ஊரை விட்டுப் போகச் சொன்னப்போ, அவர் குரு திருமழிசை ஆழ்வாரும் கிளம்பிட்டார். கிளம்பும்போது பெருமாளையும் கூப்பிட, அவரும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கிட்டுப் பின்னாடியே போயிட்டார்னு கதை. ராஜா இறங்கி வந்ததும் திரும்பி வந்து படுத்துக்கிட்டார், ஆனா வழக்கத்துக்கு எதிர்த் திசையில. இன்னைக்கும் அப்படித்தான் சேவை சாதிக்கிறார். பக்தி இருக்குறவங்க பக்தியா எடுத்துக்கோங்க. எனக்கு இதுல பிடிச்சது ஒண்ணுதான்: கேட்டா, பெருமாளே படுக்கையை மாத்திக்கிறார். அப்பா மாத்திக்க மாட்டாரா?

நாம கிண்டல் பண்ற ரயில்வேகூட இந்த விஷயத்துல நம்மளை விடத் தெளிவு. 60 வயசு தாண்டின ஆண்கள், 45 வயசு தாண்டின பெண்கள், கர்ப்பிணிகளுக்குக் கீழ் பெர்த்துக்குன்னு தனி ஒதுக்கீடு வெச்சிருக்கு. நடு பெர்த்தை ராத்திரி 10 மணிலேர்ந்து காலை 6 மணி வரைக்கும்தான் போட்டு வெக்கலாம்னு நேரம்கூட எழுதி வெச்சிருக்கு. யாருக்கு உடம்பு முடியாதோ அவங்களுக்குக் கீழ. அவ்வளவுதான் கொள்கை. குடும்பத்துல யார் பெரிய ஆள், யார் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்ததுங்கற கேள்வியே இல்லை.

காசு பேசின காலமும் கப்பல்ல இருந்திருக்கு. 1926-ல கட்டின 'ரஜூலா' கப்பல் 1973 வரைக்கும் ஓடுச்சு. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில பல தலைமுறைத் தமிழர்களை ஏத்திக்கிட்டுப் போன கப்பல். ஆரம்பத்துல 5,000-க்கும் மேல டெக் பயணிகளை ஏத்த அனுமதி இருந்துச்சாம். அவங்களுக்கு அறை கிடையாது, கட்டில் கிடையாது. கொண்டு போன பாயை விரிச்ச இடம்தான் படுக்கை. அந்த வரலாறு இருக்குற நாம, இன்னைக்கு நாலு மெத்தை கிடைக்கறப்போ அதை யாருக்குன்னு யோசிச்சுக் கொடுக்கலாமே. இன்னொண்ணு, இன்னைக்குக் கப்பல்ல 'சித்தி பொண்ணும் வரட்டும், கீழ பாய் போட்டுக்கலாம்'னு சொல்ல முடியாது. உயிர்காப்புப் படகுல இடம் இருக்குற கணக்குக்கு மேல ஒரு ஆள் ஏற முடியாது. 1912-ல டைட்டானிக் முழுகினப்புறம் உலகம் கத்துக்கிட்ட பாடம் அது.

எதிர்க் கருத்தும் எனக்குத் தெரியும். "அப்பா அம்மா கல்யாண நாளுக்குன்னு போறாங்க, கட்டிலைப் பிரிக்கறதா?"ன்னு கேப்பீங்க. ரெண்டு பேர் மட்டும் போறாங்கன்னா தாராளமா சேர்த்துப் போடுங்க, இந்தக் கட்டுரை அவங்களுக்கு இல்லை. நிஜமாவே அவங்களுக்கு அந்த நாள் முக்கியம்னா நாலு பேரை ஒரே அறையில அடைக்காதீங்க. முதல் சம்பளத்துல இன்னொரு அறை போடுங்க, முடியலைன்னா ஆறு மாசம் தள்ளிப் போங்க. "அப்பாவுக்கு முதுகு வலி"ன்னா அவரும் கீழ்ப் படுக்கைக் கணக்குல வருவார். அப்போ நாலு பேருக்கு அந்த அறை சரியில்லைன்னு அர்த்தம். கட்டணம் குறையுதுங்கறதுக்காக ஒருத்தர் முட்டியையோ முதுகையோ பணயம் வைக்க வேணாம். நான் சொல்றது 'அப்பா எப்பவும் மேல'ன்னு இல்லை. உடம்பும் தேவையும் முடிவு பண்ணட்டும், பழக்கம் பண்ண வேணாம்னுதான் சொல்றேன்.

ஹாஸ்டல்ல இருக்குறவங்களுக்கும் இது பொருந்தும். முதல் நாள் முதல்ல வந்தவன் ஃபேன் கீழ் கட்டிலைப் பிடிச்சா நாலு வருஷமும் அவனுக்கேன்னு எந்தச் சட்டம் சொல்லுது? ஒவ்வொரு செமஸ்டரும் மாத்திப் போட்டா என்ன?

புக் பண்றதுக்கு முன்னாடி வீட்ல நாலே கேள்வி கேளுங்க. ராத்திரி யார் அதிகமா எழுந்துக்கறாங்க? யாரால ஏணி ஏற முடியாது? யாருக்குக் கடல் ஒத்துக்காது? கடைசியா, அம்மாவுக்கு எந்தப் படுக்கை வேணும்? கடைசிக் கேள்விக்கு "எதுன்னாலும் சரி"ன்னுதான் முதல்ல பதில் வரும். அதைப் பதிலா எடுத்துக்காதீங்க, ரெண்டாவது தடவையும் கேளுங்க. புக் பண்ணும்போதே கட்டிலைப் பிரிச்சுப் போடச் சொல்லிச் சொல்லிடுங்க, ஏறின அன்னைக்கு அறையைப் பாத்துக்கறவர்கிட்ட இன்னொரு தடவை ஞாபகப்படுத்துங்க. ராத்திரி பாத்ரூம் விளக்கை எரிய விட்டு, கதவை லேசா சாத்தி வைங்க.

ஏணியில யார் ஏறணும்னு சந்தேகம் வந்தா, 21 வயசு ஆச்சுல்ல, நீங்களே ஏறுங்க.