ஓடி முடித்தோர் பதக்கம்

பழனி மலைத்தொடரின்மேல், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கோடைக்கானல் நகரம். அந்நகரின் நடுவே விண்மீன் வடிவில் ஓர் ஏரி பரந்து கிடக்கிறது. மதுரையில் கலெக்டராகப் பணிபுரிந்த லெவிஞ்சு என்னும் ஆங்கிலேயர் 1863ஆம் ஆண்டில் ஓடைநீரைத் தேக்கி அவ்வேரியை உண்டாக்கினார். ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை வளைந்து செல்கிறது. மூடுபனி நீரின்மேல் தவழும் விடியற்காலையிலேயே அச்சாலையில் ஓடுவோரின் காலடி ஓசை கேட்கத் தொடங்கிவிடும். அவர்கள் ஓட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். அலுவலகத்திற் பணிபுரிவோர், ஆசிரியர், கடை நடத்துவோர், இல்லத்தரசியர் எனப் பலரும் அவர்களுள் இருப்பர். உடல்நலம் கருதியும் உள்ளத்தின் மகிழ்ச்சி கருதியும் ஓடுவோர் அவர்கள்.

இத்தகையோர் நெடுந்தொலைவு ஓட்டங்களில் கலந்துகொள்ளுதல் இந்நாளில் எங்கும் பெருகிவருகிறது. 10 கிலோமீட்டர், அரை மராத்தான், மராத்தான் எனத் தொலைவுகள் பல. குறித்த நேரத்திற்குள் ஓடி முடித்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதக்கம் வழங்கப்படுகிறது. அதனைக் கழுத்தில் அணிந்து படம் எடுத்துக்கொள்வதும், ஓடிய நேரத்தைக் கைப்பேசி வழியே நண்பர்க்கு அறிவிப்பதும் வழக்கமாகிவிட்டன. இவ்வழக்கத்தை எள்ளி நகையாடுவோரும் உளர். “ஆயிரவர் ஓடினால் ஆயிரவர்க்கும் பதக்கமா? முதலில் வந்தவருக்கு அளிப்பதன்றோ பதக்கம்? எண்ணூறாவதாக வந்தவர் தம் நேரத்தை ஊரறியச் சொல்லுதல் தற்புகழ்ச்சி அன்றோ?” என்பது அவர்கள் வினா. இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று, ஆராய்ந்து விடை காணத்தக்கது.

முற்காலத்தில் ஓட்டப் பந்தயத்தின் பெருமை முன்னே வந்த சிலருக்கே உரியதாக இருந்தது. இக்கால ஒலிம்பிக்கு விளையாட்டுகள் 1896ஆம் ஆண்டில் ஏதென்சு நகரில் தொடங்கின. அங்கே நடந்த மராத்தான் ஓட்டத்தில் சுபிரிடன் லூயிசு என்னும் கிரேக்கர் வென்றார். அவர் மரூசி என்னும் சிற்றூரிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து விற்றுப் பிழைத்த எளியவர். அந்நாளில் முதல்வருக்கு வெள்ளிப் பதக்கமும், இரண்டாமவர்க்கு வெண்கலப் பதக்கமும் அளித்தனர். மூன்றாமவர்க்குப் பதக்கமே இல்லை. அவர்க்குப் பின்னால் புழுதியில் தள்ளாடி வந்து சேர்ந்தவர்களை இன்று எத்தனை பேர் அறிவர்?

பந்தயத்திற் கலந்துகொண்டோர் நிலையே இதுவாயின், வயிற்றுப் பிழைப்பிற்காக மலையேறியவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? 1845ஆம் ஆண்டில் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார் கோடைக்கானலில் வீடுகள் கட்டிக் குடியேறினர். மோட்டார்ச் சாலை அமைவதற்கு முன், பெரியகுளத்துப் பக்கமிருந்து மலைமேற் செல்லும் ஒற்றையடிப் பாதையே வழியாக இருந்தது. நோயாளரையும் முதியோரையும் நாற்காலியில் வைத்துத் தோளிற் சுமந்து சென்றனர் கூலியாட்கள். மேசை, பெட்டி, உணவுப் பொருள் ஆகிய அனைத்தும் அவர்கள் தலைமேல் ஏறியே மலைமேல் ஏறின. அடிவாரத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை அவர்கள் சுமையுடன் ஏறினர். அவர்கள் காட்டிய ஆற்றல் எந்த ஓட்டக்காரர் ஆற்றலுக்கும் குறைந்ததன்று. ஆயினும், அவர்களுக்குப் பதக்கம் இல்லை. அவர்கள் ஏறிய நேரத்தைக் குறித்து வைத்தாரும் இல்லை. யாரைச் சுமந்தனரோ அவர்தம் பெயர்கள் வரலாற்றில் நின்றன. சுமந்தவர் பெயர்கள் மறைந்தன.

எளியவர் உழைப்பையும் ஏட்டில் எழுத வேண்டும் என்னும் எண்ணம் ஓட்டக் களத்திலேனும் மெல்ல மெல்லத் தோன்றியது. அதற்குத் தென்னாப்பிரிக்காவில் நடைபெறும் ‘காம்ரேட்சு’ ஓட்டம் சிறந்த சான்றாகும். கடற்கரை நகரான டர்பனுக்கும் உள்நாட்டு நகரான பீட்டர்மாரிட்சுபர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவு அவ்வோட்டம் நிகழ்கிறது. அப்பகுதி தமிழர்க்குப் புதியதன்று. 1860ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காகச் சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழர் பலர் சென்று சேர்ந்த நேட்டால் நாடு அதுவே. காந்தியடிகள் 1893ஆம் ஆண்டில் நிறவெறி காரணமாகப் புகைவண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட இடமும் அந்தப் பீட்டர்மாரிட்சுபர்க்கு நிலையமே.

முதல் உலகப் போரில் மாண்ட வீரரின் நினைவாக 1921ஆம் ஆண்டில் அவ்வோட்டம் தொடங்கியது. அன்று புறப்பட்டவர் 34 பேர். முடித்தவர் 16 பேர். இன்று பல்லாயிரவர் ஓடுகின்றனர். 12 மணி நேரத்திற்குள் எல்லையை அடைந்தவர் அனைவரும் பதக்கம் பெறுவர். நேரம் முடியுந் தறுவாயில் அலுவலர் ஒருவர், வருவோர்க்கு முதுகு காட்டி, கையில் துப்பாக்கியுடன் நிற்பார். நொடி நிறைந்ததும் அவர் சுடுவார். வெடியோசை கேட்ட பின் ஓரடி தொலைவில் நிற்பவருக்கும் பதக்கம் இல்லை. வருவோர் முகத்தைக் கண்டால் இரக்கம் பிறந்துவிடும் என்றோ அவர் முதுகு காட்டி நிற்பது என்று காண்போர் எண்ணுவர். முடித்தோர் பதக்கம் கேட்டோர்க்கெல்லாம் வழங்கும் இனிப்பு அன்று என்பது இதனால் விளங்கும். முதல்வர்க்குரிய பரிசு, பிறரினும் விரைந்து ஓடியதற்கு அளிப்பது. முடித்தவர்க்குரிய பதக்கம், மேற்கொண்ட செயலை இடையில் விடாமல் நிறைவேற்றியதற்கு அளிப்பது. இரண்டும் வெவ்வேறு. ஒன்று மற்றொன்றின் மதிப்பைக் குறைப்பதில்லை.

இப்பதக்கம் அற்பமானது என்று கருதுவோர், அது மறுக்கப்பட்டவர் வரலாற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்தக் காம்ரேட்சு ஓட்டம் பல்லாண்டுகள் வெள்ளை இன ஆடவர்க்கே உரியதாக இருந்தது. 1935ஆம் ஆண்டில் இராபர்ட்டு மிச்சாலி என்னும் கறுப்பினத்தவர் இசைவின்றியே அதில் ஓடினார். 9 மணி 30 நிமிடத்தில் எல்லையை அடைந்தார். ஆயினும், அவருக்குப் பதக்கம் அளிக்கவில்லை. ஓட்டத்தின் முறையான ஏட்டிலும் அவரைச் சேர்க்கவில்லை. கால்கள் கடந்த தொலைவு ஒன்றே. தோலின் நிறம் வேறு என்பதே அவர் செய்த குற்றம்! 1975ஆம் ஆண்டில்தான் எல்லா இனத்தவரும் பெண்டிரும் முறைப்படி ஓடலாம் என்னும் விதி வந்தது. பின்னர் 2019ஆம் ஆண்டில், 9 மணி நேரத்திற்கு மேல் 10 மணி நேரத்திற்குள் ஓடி முடிப்போர்க்கு அவர் பெயரிலேயே ஒரு பதக்கம் ஏற்படுத்தினர். மறுக்கப்பட்ட மதிப்பு 84 ஆண்டுகளுக்குப் பின் அவர் பெயருக்கு வந்து சேர்ந்தது. ஆதலின், கடைசியாக வந்தவரையும் விடாமல் எழுதும் முடிவுப் பட்டியல், மனிதர் யாவரையும் மதிக்கும் பண்பின் அடையாளம் எனலாம். அப்பட்டியலில் தம் பெயரைக் கண்டு மகிழ்வோரைப் பழித்தல் தகாது.

ஓடியதைப் பிறர்க்கு உரைத்தலாலும் நன்மை உண்டு. நாற்பது வயது கடந்த ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடி முடித்த செய்தி, அடுத்த வீட்டில் நோய்க்கு அஞ்சி முடங்கிக் கிடப்பவரை எழுந்து நடக்கச் செய்யலாம். வெற்றி வீரரின் செய்தி வியப்பை ஊட்டும். தம்மைப் போன்ற ஒருவரின் செய்தியோ நம்பிக்கையை ஊட்டும். ஆயினும், இந்நன்மை முழுவதும் ஒன்றையே சார்ந்து நிற்கிறது. அதுதான் வாய்மை.

வாய்மை என்பது பொய் கூறாமை மட்டுமன்று. முழுவதையும் கூறுதலும் ஆகும். சென்னைக் கடற்கரைச் சாலையில் ஓடியவர் நேரத்தையும், கோடைக்கானல் ஏரிச்சாலையில் ஓடியவர் நேரத்தையும் அருகருகே வைத்து யார் வல்லவர் என முடிவு செய்தல் அறியாமை. கோடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி, கடற்கரையிற் கிடைப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சமவெளியிலிருந்து புதிதாக வந்தவர் சிறிது தொலைவிலேயே மூச்சு வாங்குவது அதனாலேயே. மேலும், மலைப்பாதையின் ஏற்றம் காலைச் சோர்வுறச் செய்யும். இறக்கம் முழங்காலை வருத்தும். எனவே, நேரத்தைச் சொல்வோர் இடத்தையும் வழியையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். கடற்கரை வெயிலும் எளிதன்று என்பதை மலைவாழ்வோர் மறத்தலும் ஆகாது.

பொய்யின் நிழல் இக்களத்தில் தொடக்க நாளிலேயே படிந்தது. 1896ஆம் ஆண்டு மராத்தானில் மூன்றாவதாக வந்த பெலோகாசு என்பவர், வழியின் ஒரு பகுதியை வண்டியிற் கடந்தார் என்பது தெரிந்து விலக்கப்பட்டார். 1904ஆம் ஆண்டில் செயிண்டு லூயிசு நகரில் நடந்த ஒலிம்பிக்கு மராத்தானில், பிரெடு லார்சு என்பவர் மோட்டார் வண்டியில் நெடுந்தொலைவு சென்றுவிட்டு முதல்வர் போல் வந்து நின்றார். உண்மை வெளிப்பட்டதும் நாணி நின்றார். 1980ஆம் ஆண்டில் பாசுடன் மராத்தானில், பெண்டிருள் முதல்வராக அறிவிக்கப்பட்ட ரோசி ரூயிசு வழி முழுதும் ஓடவில்லை என்று கண்டு, அப்பட்டத்தைப் பறித்து, உண்மையில் வென்ற கனடா நாட்டு சாக்குலின் கரோவுக்கு அளித்தனர். இன்று ஓடுவோர் அணியும் எண்ணட்டையில் சிறு மின்னணுச் சில்லு ஒன்றை வைத்து, வழியில் விரித்த பாய்களைக் கடக்கும் நேரத்தைப் பொறியே குறித்துக்கொள்கிறது. ஆனால், பொறி காவல் செய்வது பட்டியலை மட்டுமே. தனியே ஓடிய தொலைவைக் கூட்டிச் சொல்லும் நாவைக் காக்க ஓடுபவரின் மனச்சான்றைத் தவிர வேறு காவல் இல்லை.

பதக்கத்தின்மேல் கொண்ட பற்று அறிவை மறைத்தலும் கூடாது. நெஞ்சு வலித்தாலும், தலை சுற்றினாலும், உடனே ஓட்டத்தை நிறுத்துவதே அறிவுடைமை. முடிவுப் பட்டியலில் ‘முடிக்கவில்லை’ என்னும் குறிப்பும் இடம்பெறுவதுண்டு. அது இழிவுக்குரியதன்று. விழுந்தவரைத் தூக்கிவிடுவதற்காகத் தம் ஓட்டத்தை விட்டவரும் அக்குறிப்புக்குள் இருக்கலாம். உடலின் எச்சரிக்கையைக் கேட்டு உயிரைக் காத்துக்கொண்டவரும் இருக்கலாம். முடித்ததைச் சொல்லும் துணிவுடையோர் முடிக்காததையும் சொல்லுதல் வேண்டும். அப்பொழுதுதான் அவர் சொல் முழுமை பெறும். பழனி மலைச் சரிவுகளில் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2018ஆம் ஆண்டில் பூத்தபொழுது மக்கள் திரண்டு சென்று கண்டனர். பூவாத ஆண்டுகளிலும் அச்செடி வேர்விட்டு வளர்ந்ததனாலன்றோ அந்நாளில் மலை நீலநிறம் பூண்டது? ஒரு நாள் அணியும் பதக்கத்திற்குப் பின்னும் இவ்வாறே பல மாதப் பயிற்சியும், தோற்ற நாள்களும், வழியில் நின்று தண்ணீர் தந்தவர் கைகளும் மறைந்துள்ளன. அவற்றையும் நினைந்து உரைப்பவர் உரை தற்புகழ்ச்சி ஆகாது.

தைப்பூச நாளை ஒட்டி இம்மலையின் அடிவாரத்திலுள்ள பழனிக்கு அடியார் பலர் நெடுந்தொலைவு நடந்து வருகின்றனர். செட்டிநாட்டிலிருந்து காவடியுடன் நடந்து வரும் நகரத்தார் வழக்கம் பல நூற்றாண்டுப் பழமை உடையது. கால் கொப்புளித்து வந்தவர்க்கு அங்கே பதக்கம் இல்லை. நேரக் கணக்கும் இல்லை. “அவர்கள் அறிவிப்பதில்லையே! ஓடுவோர் மட்டும் ஏன் அறிவிக்க வேண்டும்?” எனச் சிலர் வினவலாம். அவர்களும் அறிவிக்கவே செய்கின்றனர். எவ்வாறெனின், ஊர் திரும்பியதும் பழனிப் பஞ்சாமிர்தத்தை வீடுதோறும் கொடுத்து மகிழ்கின்றனர். இம்மலையில் விளையும் வாழைப்பழத்தின் சுவையையும் தம் பயணத்தின் மகிழ்ச்சியையும் வாராதவரும் பெறுமாறு செய்கின்றனர். யான் நடந்தேன், நீ நடந்திலை என்று இடித்துரைப்பதற்காக எவரும் பஞ்சாமிர்தம் கொடுப்பதில்லை.

ஓடி முடித்தவர் தம் செய்தியைப் பகிர்தலும் அவ்வாறே அமைதல் வேண்டும். கேட்பவரைச் சிறியவராக்கும் செய்தி, பொற்பதக்கத்தோடு வரினும் பயனற்றது. கேட்பவர் மறுநாட் காலை எழுந்து தாமும் நான்கடி ஓடிப் பார்க்க எண்ணுவாராயின், எண்ணூறாவதாக வந்தவர் செய்தியும் ஊருக்கு நன்மை செய்யும். பள்ளி விளையாட்டு விழாவில் பங்குபெறும் மாணவரும் இதனை நினைவிற் கொள்ளத் தக்கவர். முதல்வரைப் பாராட்டிக் கைதட்டியதும் களத்தை விட்டுப் போய்விடாமல், கடைசி மாணவர் கோட்டைத் தொடும்வரை நின்று அவரையும் கைதட்டி வரவேற்றல் அவர்தம் கடமையாகும்.